கணக்கு உத்தியோகமும் மிஞ்சும் பொழுதும்

(ஆண்டு விழாவில், பட்டப்படிப்பு மாணவர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



பட்டம் பெற்றபின் கணக்கு உத்தியோகம் தேடுவது எப்படி என்பதே எமக்குத் தரப்பட்ட விஷயம். விண்ணப்பம் எழுதும் முறை, நேர்முகப் பரீட்சைக்கு உடுத்திச் செல்லும் முறை ஆகியவற்றைச் சொல்லப் புத்தகங்கள் பல இருக்கின்றன. ஆதலால் அதே விஷயத்தின் மற்றொரு பக்கத்தைப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகின்றோம். உத்தியோகம் கிடைத்த பிள்ளையைத் தோட்டத்தில் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு சம்பளம்?" என்பதே. "எத்தனை மணிக்கு வேலை முடியும்? எத்தனை கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம்?" என்று கேட்பவர் மிகச் சிலர். இந்த இரண்டாவது கேள்வியும் சம்பளத்தைப் பற்றிய கேள்வியே என்பது எமது வாதம்.

கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களில் பிறந்த எமக்கு நேரத்துக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. யட்டியாந்தோட்டையிலும், தெஹியோவிற்றையிலும், றுவான்வெல்லையிலும், தெரணியகலையிலும் நம் தாய்மார் விடியும்போதே வாளியும் கத்தியுமாகப் பால் வெட்டப் போகின்றார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினாற்றான் மரத்தில் பால் நன்றாக ஓடும். சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து, சுமந்து வந்து, நிறுத்து, பேர் போட்ட பின்னரே அன்றைய நாள் ஒரு நாளாகக் கணக்கில் ஏறும். குறைந்தால் அரைப்பேர். மழை பிடித்தால் வெட்டே இல்லை. முழுப்பேரா அரைப்பேரா என்று செக்ரோலில் எழுதும் பேனா எப்பொழுதும் வேறொருவர் கையில் இருந்தது. கணக்கப்பிள்ளை என்ற சொல்லுக்கு நம் லயங்களில் எவ்வளவு மரியாதையும் எவ்வளவு பயமும் இருந்தன என்பதைப் பெரியோர்கள் எம்மிலும் நன்கறிவார்கள். அவர் கணக்கு எழுதியதைவிட மலையில் நின்று வேலை வாங்கியதே அதிகம். ஆயினும் அவருடைய அதிகாரம் கணக்கின் பெயராலேயே வழங்கியது.

அந்தப் பேனா இன்று நம் பிள்ளைகளின் கைக்கு வருகின்றது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்து, சர்வகலாசாலை புகுந்து, கணக்கியலிலும் முகாமைத்துவத்திலும் பட்டம் பெற நிற்கும் இளைஞர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றார்கள். பெருமைதான். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. தாயின் நாளை நிறுவைத் தராசு அளந்தது. பால் கொடுத்து வந்தபின் அவளுடைய பொழுது அவளுடையது. (விறகும் தண்ணீரும் அடுப்பும் அந்தப் பொழுதைத் தின்றுவிடுவதைப் பின்னர் பேசுவோம்.) படித்த மகனோ இரவு ஒன்பது மணிக்கும் கொழும்பிலே மின்விளக்கின் கீழே குனிந்திருக்கின்றான். அவன் கூடுதலாகச் செய்த அந்த மூன்று நான்கு மணியை எந்தச் செக்ரோலிலும் எவரும் எழுதுவதில்லை. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகின்றவனுக்குப் பேர் போட ஆளில்லை!

கணக்குக் கந்தோரில் இருந்துகொண்டே தம் பொழுதைத் தம்மிடம் வைத்திருந்த ஒருவரைச் சற்று நினைவுகூர்வோம். எல்லோரும் அறிந்த பெயர்தான். ஆனால் அவரை உத்தியோகம் தேடி அலைந்த ஒரு வாலிபராக நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. கணித மேதை இராமானுஜனைச் சொல்கின்றோம். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கல்லூரிப் பரீட்சையில் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறிப் பட்டமின்றி நின்றார். 1909இல் விவாகமும் ஆயிற்று. குடும்பத்துக்கு வருவாய் வேண்டும். சென்னையில் கணக்காளர் தலைமையகத்தில் மாதம் 20 ரூபாவுக்குச் சில கிழமை தற்காலிக வேலை பார்த்தார். பின்னர் 1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் தேதி, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பகுதியில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

அந்த 30 ரூபாவை மட்டும் பார்த்தால் அது அற்ப உத்தியோகம். ஆனால் அங்கே தலைமைக் கணக்காளராக இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் கற்றவர். இந்தியக் கணிதக் கழகத்தின் அங்கத்தவர். தம் கீழே வேலை செய்யும் குமாஸ்தாவின் உள்ளத்தில் என்ன இருக்கின்றதென்று அவர் அறிந்திருந்தார்; மாலையில் இருவரும் சிலேட்டுப் பலகை வைத்துக்கொண்டு கணிதம் செய்வார்கள். கழகத்தின் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியியலாளர். அவரும் ஆதரவு காட்டினார். கந்தோர் வேலையை விரைவில் முடித்து, எஞ்சிய நேரத்தில் தம் ஆராய்ச்சியைச் செய்ய இராமானுஜனால் முடிந்தது. 1913 சனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் தம்மைத் துறைமுகக் கணக்குப் பகுதியின் குமாஸ்தா என்றே அறிமுகஞ் செய்துகொண்டார். அவ்வாண்டு மே மாதம் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா ஆராய்ச்சிப் பணம் கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். மற்றவை சரித்திரம்.

"அவர் மேதை, நாம் மேதைகளா? நமக்கு மிஞ்சும் பொழுது எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். மேதைக்கே 30 ரூபாவோடு பொழுதும் வேண்டியிருந்தது என்றால், சாதாரண மனிதருக்கு வேண்டாமா? தகப்பனாரைக் கேகாலை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல ஒரு காலைப்பொழுது வேண்டும். தம்பிக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். இஸ்தோப்பில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கவும் சிறிது பொழுது வேண்டும். எம்மில் பலர் மிஷன் பாடசாலையில் படித்தவர்கள். அங்கே மணி அடித்தால் பேனாவைக் கீழே வைத்தாக வேண்டும். எழுதிய வாக்கியம் பாதியில் நின்றாலும் சரியே. அந்த மணியை அப்பொழுது வைதோம். உத்தியோகத்தில் அத்தகைய மணி ஒன்று இல்லையே என்று பல அண்ணன்மார் இப்பொழுது ஏங்குகின்றார்கள்.

உண்மையில் சட்டத்திலே மணி இருக்கின்றது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், அதாவது கடை, அலுவலக ஊழியர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி, ஒரு கிழமைக்கு 45 மணி என்று வேலை நேரத்தை வரையறுக்கின்றது. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. கிழமையில் ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. கூடுதல் நேரம் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் நேரமும் கிழமைக்கு 12 மணியைத் தாண்டலாகாது. இரண்டாம் வருஷம் முதல் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சமயோசித லீவும் உண்டு. வேலையின் நிபந்தனைகளை எழுத்திலே கொடுப்பதும் முதலாளியின் கடமை. ஆனால் "நிறைவேற்று உத்தியோகத்தர்" என்று ஓர் அழகிய பட்டத்தைச் சூட்டிவிட்டு, இனிக் கூடுதல் நேரப் பணம் கிடையாது என்று சொல்வது பல கம்பனிகளின் வழக்கமாகிவிட்டது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளை அந்தப் பட்டத்தை அட்டையில் அச்சடித்துக்கொண்டு மகிழ்கின்றது. எமது அபிப்பிராயத்தில், பதவிப் பெயர் நீள நீள, மாலைப்பொழுது குறுகுகின்றதா என்று விசாரித்தறிவது நல்லது.

இனி, கணக்குப் பட்டதாரிக்குத் திறந்திருக்கும் வாசல்களைப் பார்ப்போம். எல்லா வாசலும் ஒரே மாதிரியல்ல.

முதலாவது, கணக்காய்வு நிறுவனங்கள். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் அங்கத்துவம் பெறப் பரீட்சைகளோடு மூன்று வருஷச் செய்முறைப் பயிற்சியும் வேண்டும். கொழும்பின் பெரிய கணக்காய்வு நிறுவனங்களில் அந்தப் பயிற்சி பெறுவது மிகுந்த கௌரவம். கற்றுக்கொள்வதும் ஏராளம். இன்று ஒரு வங்கி, நாளை ஒரு தேயிலைக் கம்பனி, அடுத்த மாதம் ஒரு ஹோட்டல் என்று நாட்டின் வரவு செலவெல்லாம் கண்முன் வரும். ஆனால் பயிற்சிக் காலக் கொடுப்பனவு சிறிது, நேரமோ நீளம். நம் கம்பனிகளிற் பல மார்ச்சு 31ஆந் தேதியோடு கணக்கை முடிக்கின்றன. ஆகவே சித்திரை பிறக்கும்போது கணக்காய்வாளனுக்கு வேலை உச்சம். வங்கிகள் டிசம்பர் 31ஆந் தேதி முடிக்கின்றன. தைப்பொங்கல் அந்த அவசரத்தின் நடுவே வரும். வருமான வரி அறிக்கைக்கு நவம்பர் 30ஆந் தேதி கடைசி நாள். தீபாவளி அதற்குச் சற்று முன்னே வரும். நம் பண்டிகை மூன்றையும் கணக்கர்களின் நாட்காட்டி எப்படியோ தேடிப் பிடித்திருக்கின்றது! வருஷக் கடைசி நாளிலே களஞ்சியத்தில் நின்று சரக்கெண்ணுவதும் இளையவர்களின் பாகமே.

இதனால் அந்த வாசலை மூடிவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கடினமான வேலை வேறு, முடிவில்லாத வேலை வேறு. மூன்று வருஷம் என்று எல்லை போட்ட கஷ்டத்தைத் தாங்கலாம். அதன் முடிவில் கையிலே ஒரு தகைமை இருக்கும். அந்தத் தகைமை பின்னர் நல்ல நேரமுள்ள உத்தியோகத்தைக் கேட்டு வாங்கும் பலத்தைக் கொடுக்கும். ஆனால் பரீட்சைக்குப் படிக்க லீவு தராமல், பரீட்சையிலே தவறினால் மேலும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று இழுபடும் பயிற்சி கஷ்டமுமல்ல, தவமுமல்ல. வெறும் மலிவான உழைப்பு. சேருமுன் கேட்கவேண்டியது இதுதான்: இங்கே பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் பரீட்சையை முடித்துக்கொண்டு வெளியேறினார்கள்? அதற்குப் படிப்பு லீவு எத்தனை நாள் கொடுத்தீர்கள்?

உடலும் ஒரு பேரேடு; அதில் கடன் வைத்தால் வட்டியோடு கேட்கும். உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. கிழமைக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்பவரைவிடப் பாரிசவாத அபாயம் 35 வீதமும், இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 வீதமும் அதிகம் என்று அது கண்டது. 2024இல் இந்தியாவில் புனே நகரத்திலே, ஒரு பெரிய கணக்காய்வு நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதங்களான 26 வயதுப் பட்டயக் கணக்காளப் பெண் ஒருவர் காலமானார். மகளை வேலைப்பளுவே கொண்டுபோனது என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. இந்திய மத்திய அரசின் தொழில் அமைச்சு விசாரணை செய்யப்போவதாக அறிவித்தது. காரணம் எதுவாயினும், ஒரு தாய் அத்தகைய கடிதம் எழுத நேர்ந்ததே போதும். இதைக் கேட்டும் "இளமையில் கஷ்டப்படட்டும்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளப் பெரியோர்களால் இயலாது என்று நம்புகின்றோம்.

இரண்டாவது வாசல் அரசாங்க உத்தியோகம். நம் வீடுகளில் இதற்குள்ள மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. காலை 8.30 மணி முதல் மாலை 4.15 மணி வரை என்பது அரச கந்தோர்களின் பொதுவான நேரம். மாவட்டச் செயலகம், பிரதேச செயலகங்கள், வைத்தியசாலைகள், கல்விக் கந்தோர்கள் யாவற்றிலும் கணக்குப் பகுதி உண்டு. இலங்கைக் கணக்காளர் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் ஆள் எடுக்கின்றார்கள். அறிவித்தல் வர்த்தமானியில் வரும். வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் அந்தப் பத்திரிகையைப் பார்க்கும் பழக்கம் நம் இளைஞரிடம் போதாது. விண்ணப்ப முடிவு நாள் கழிந்தபின் "தெரியாமற் போயிற்றே" என்று வருந்துவதை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கேட்டிருக்கின்றோம். இந்த வாசலின் குறை, அது எப்பொழுது திறக்குமென்று சொல்ல முடியாமைதான். பட்டதாரிகள் நியமனத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பதும், வீதியில் இறங்கிக் கேட்பதும் இந்த நாட்டில் பலமுறை நடந்திருக்கின்றன. காத்திருக்கும் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டிராமல் வேறொரு வேலையில் அநுபவம் சேர்ப்பதே புத்தி.

அரச வேலைக்கு மட்டுமல்ல, கேகாலையில் எந்த வேலைக்கும் இன்றியமையாத ஒன்று சிங்கள மொழி. 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. பரீட்சையைத் தமிழில் எழுதலாம். அது நமது உரிமை, அதை விடலாகாது. ஆனால் கேகாலையிலே மேசைக்கு வரும் கோவை பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். நாம் கடைத்தெருவில் சிங்களம் சரளமாகப் பேசுகின்றோம். எழுதச் சொன்னால் தடுமாறுகின்றோம். ஐந்தொகை, பெறுமானத்தேய்வு, கடன்பட்டோர் என்பவற்றைத் தமிழில் அறிந்தது போலச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதத் தெரிந்தவன் வேலையை நாலேகாலுக்கு முடித்து எழுந்துவிடுவான். தெரியாதவன் அதே வேலைக்காக ஏழு மணிவரை இருந்து தத்தளிப்பான். அந்த ஏழு மணிக்கு முதலாளியை நோகமுடியாது.

வங்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிக்கதவு மூன்று மணிக்கு மூடினாலும் உட்கதவு எப்பொழுது மூடுமென்பது கிளைக்குக் கிளை வேறு.

தோட்டக் கம்பனிகளை மட்டும் விட்டுவிட மனமில்லை. 1972இலும் 1975இலும் அரசு பொறுப்பேற்ற பெருந்தோட்டங்களின் முகாமை, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அவற்றுக்குக் கொழும்பிலே தலைமைக் கந்தோரும் தோட்டந்தோறும் கந்தோரும் உண்டு. மாதச் சம்பளக் கணக்கு, சேமலாப நிதி, றப்பர் ஷீற்றுக் கணக்கு என்று வேலை நிறைய இருக்கின்றது. சம்பள நாளுக்கு முந்திய நாட்கள் நெருக்கடி. மற்ற நாட்கள் பரவாயில்லை என்று அதிலிருப்பவர்கள் சொல்கின்றார்கள். படித்த பிள்ளை தோட்டக் கந்தோருக்கே திரும்புவதா என்று சிலர் முகஞ்சுளிப்பார்கள். பெற்றோரின் சேமலாப நிதிக்கு அவர்கள் பங்கு 8 வீதமும் கம்பனியின் பங்கு 12 வீதமும் ஒழுங்காகச் சேர்ந்ததா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருப்பது குறைவான காரியமென்று எமக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, நம் பெரியோர் அதிகம் கேள்விப்படாத வாசல் ஒன்று. வெளிநாட்டுக் கம்பனிகளின் கணக்கைக் கொழும்பிலிருந்து எழுதும் ஸ்தாபனங்கள் இப்பொழுது பல இருக்கின்றன. சம்பளம் நன்று. இங்கே கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எந்த நாட்டுக் கணக்கு?" என்பது. ஏனெனில் அந்த நாட்டுச் சூரியனே நம் தூக்கத்தை நிர்ணயிக்கும். மாரிகாலத்தில் லண்டனில் காலை 9 மணியாகும்போது இங்கே பிற்பகல் 2.30. ஆகவே லண்டன் நேரத்தில் வேலை செய்பவர் இரவு பத்தரை, பதினொன்றுக்கு எழும்புவார். நியூயோர்க்கில் காலை 9 மணியென்றால் இங்கே அப்பருவத்தில் இரவு 7.30, அந்த வேலை விடியவிடிய விழிப்பு. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலை 9 மணி, இங்கே அதிகாலை 4.30; கோடைகாலத்தில் 3.30. முழுவதும் அவர்கள் நேரத்துக்கே வேலை செய்யாவிட்டாலும், அதிகாலையில் தொடங்கி மத்தியானத்தோடு முடிவது அந்த வேலையின் இயல்பு. யோசித்துப் பாருங்கள்: அது நம் தாய்மார் பால் வெட்டும் நேரமல்லவா! விடியலில் எழும்பும் பழக்கம் நம் இரத்தத்திலேயே இருக்கின்றது. மாலை முழுவதும் நமக்கு மிஞ்சும். இந்த வகை வேலையில் அவுஸ்திரேலியக் கணக்கையே நாம் விரும்புவோம். சில ஸ்தாபனங்கள் கிழமையிற் சில நாள் வீட்டிலிருந்தும் வேலை செய்ய விடுகின்றன. தோட்டத்து லயத்தில் இணைய வசதி ஒழுங்காக வருமா, மின்சாரம் நிற்குமா என்பதைப் பார்த்த பின்னரே அதை நம்பி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நம்மவர் கணக்கில் எடுக்காதது தூரம். கேகாலையிலிருந்து கொழும்பு கண்டி வீதி வழியாக ஏறத்தாழ 78 கிலோமீற்றர். பஸ்ஸில் இரண்டரை மணி, சிலவேளை மூன்று மணி. கேகாலை நகருக்கு ரயில் இல்லை. ரம்புக்கனை அல்லது பொல்காவலை போய் விடியற்காலைக் கந்தோர் ரயிலைப் பிடிக்க வேண்டும். சீசன் டிக்கட் மலிவென்று தினமும் போய் வருபவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தகப்பனை ஞாயிற்றுக்கிழமையில்தான் விழித்த நிலையில் காண்கின்றன.

ஓர் உதாரணம் சொல்கின்றோம். எண்கள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. கொழும்பில் ஓர் உத்தியோகம், சம்பளம் 80,000 ரூபா. போடிங் வாடகை, சாப்பாடு, பஸ், மாதமிருமுறை ஊர்ப்பயணம் எல்லாம் 35,000. மிச்சம் 45,000. வேலை நாளைக்கு 10 மணி, ஆறு நாள்; நகருக்குள் போக வர நாளைக்கு 2 மணி. கிழமைக்கு 72 மணி, மாதத்துக்கு 312 மணி. கேகாலை நகரில் மற்றோர் உத்தியோகம், சம்பளம் 55,000. பஸ்ஸும் மத்தியானச் சாப்பாடும் 9,000. மிச்சம் 46,000. வேலை கிழமைக்கு 45 மணி, பயணம் 9 மணி, ஆக 54. மாதத்துக்கு 234 மணி. முதல் உத்தியோகத்தில் ஒரு மணிக்கு 144 ரூபா. இரண்டாவதில் 197 ரூபா. ஊரிலே "அவன் எண்பது எடுக்கிறான், இவன் ஐம்பத்தைந்துதான்" என்று பேசிக்கொள்வார்கள்! கணக்கு படித்த நாமே இந்தக் கணக்கைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

கேகாலையில் அத்தகைய வேலை எங்கே என்று கேட்பீர்கள். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் ஒருபுறமிருக்க, சிறிய கணக்காய்வுக் கந்தோர்கள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், றப்பர்த் தொழிற்சாலைகள், பின்னவலைப் பக்கத்து ஹோட்டல்கள், போகலைக் காரீயச் சுரங்கம் எல்லாம் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இவை பத்திரிகையில் பெரிய விளம்பரம் போடுவதில்லை. ஆளறிந்த ஆளைக் கேட்டே எடுப்பார்கள். அந்த ஆளறிமுகம் நம்மிடம் குறைவு என்பது உண்மை. அதனாலேயே நம் பிள்ளைகள் நேரே கொழும்பு பஸ்ஸில் ஏறுகின்றார்கள். பெரியோர்கள் இவ்விடத்தில் எமக்கு உதவலாம். உங்களுக்குத் தெரிந்த முதலாளிமாரிடம், "எங்கள் தோட்டத்துப் பிள்ளையொன்று கணக்கு படித்திருக்கின்றது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எல்லோருக்கும் தெரிவு செய்யும் வசதி இல்லையென்பதை நாம் மறக்கவில்லை. தாயின் தோடு அடகிலிருந்து படித்த பிள்ளை, கிடைத்த முதல் வேலையை எடுக்கத்தான் வேண்டும். அதில் வெட்கமில்லை. ஆனால் அந்த முதல் வேலையில் இருந்துகொண்டே இரண்டாவதைத் தேடலாம். தோடு மீண்டபின்னும் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று பத்து வருஷம் இருந்துவிடுவதைத்தான் வேண்டாமென்கின்றோம்.

தங்கைமாரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் அமர முடியாது. எந்தக் கம்பனி எவ்வளவு நல்ல நேரம் கொடுத்தாலும், ஆறு மணிக்கு வீடு வந்த மகள் உடுப்பு மாற்றாமல் அடுப்படிக்குப் போக, அதே நேரத்துக்கு வந்த மகன் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால், அவளுக்கு மிஞ்சிய பொழுது எது? முன்னே சொன்ன விறகும் தண்ணீரும் அடுப்பும் இவைதாம். இந்தப் பகுதி சட்டத்திலும் இல்லை, நியமனக் கடிதத்திலும் இல்லை. நம் வீட்டில் இருக்கின்றது. பெண்பிள்ளைக்கு இரவு வேலை வேண்டாம் என்று தடுக்கும் பெற்றோர், அதே அக்கறையோடு சட்டியைக் கழுவ அண்ணனையும் கூப்பிட வேண்டும். (சிரிக்கின்றீர்கள், தாய்மார் பக்கம் கைதட்டல் கேட்கின்றது.)

நேர்முகப் பரீட்சையில் நேரத்தைப் பற்றிக் கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களே என்ற அச்சம் பலருக்கு உண்டு. கேட்கும் விதம் இருக்கின்றது. "வருஷக் கணக்கு எந்த மாதம் முடிகின்றது? அந்தக் காலத்தில் எத்தனை பேர் சேர்ந்து செய்கிறீர்கள்?" என்று கேட்டால் அது வேலை தெரிந்தவனுடைய கேள்வி. விடையிலிருந்து வேண்டியதை அறிந்துகொள்ளலாம். இதற்கு முன் அந்த மேசையில் இருந்தவர் ஏன் போனார் என்று மரியாதையாகக் கேட்பதும் தகும். அதற்கும் மேலான வழி, ஒரு சாதாரண நாளில் இரவு எட்டு மணிக்கு அந்தக் கட்டிடத்தின் எதிரே நின்று எத்தனை யன்னலில் விளக்கெரிகின்றது என்று பார்ப்பது. வாசலில் காவல் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், கந்தோர் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகின்றதென்று எந்த அதிகாரியிலும் உண்மையாக அவர் சொல்வார்.

நியமனக் கடிதத்தைக் கையெழுத்திடுமுன் வாசிக்க வேண்டும். வேலை நேரம், லீவு, பயிற்சிக் காலம் எத்தனை மாதம், இடையில் விலகினால் பணம் கட்டவேண்டுமென்று பிணை ஏதும் இருக்கின்றதா, சேமலாப நிதி எந்தத் தொகையில் கணிக்கப்படும் ஆகிய ஐந்தையும் பார்த்தாக வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி மீதியைக் கொடுப்பனவு என்று வேறாக எழுதியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். கடிதம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும். வீட்டில் வாசித்துச் சொல்ல ஆளிராது. ஆகவே இறுதி வருஷ மாணவர்களாகிய நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றோம். விடுமுறையில் ஊரிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பின்னேரம் மூன்று மணி முதல், சங்கத்தின் வாசிகசாலையில் இருப்போம். எந்தத் தோட்டத்துப் பிள்ளையானாலும், பெற்றோரானாலும், கடிதத்தைக் கொண்டுவந்தால் வரிக்கு வரி வாசித்துத் தமிழில் சொல்வோம். வர்த்தமானியின் பிரதியையும் அங்கே மேசையில் வைப்போம். கட்டணம் ஒன்றுமில்லை. ஆறு மணிக்கு மட்டும் எழும்பிவிடுவோம்.